தேர்ச்சி விழுக்காடும் ஊர் நம்பிக்கையும்

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் மாவட்டக் கல்வி அலுவலகம் கேட்பது ஒன்றுதான்: எத்தனை விழுக்காடு? அதே நாள் டீக்கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஊரார் கேட்பது வேறு: நம்ம பசங்க எத்தனை பேரு பாஸு, யாருக்குப் போச்சு? முதல் கேள்விக்கு எண் போதும். இரண்டாவதற்குப் பெயர் சொல்ல வேண்டும். ஒரு சிறிய ஊர்ப் பள்ளியை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்ற வழக்கு இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. கல்வித்துறை முதலாவதைப் பிடித்துக்கொள்கிறது. பள்ளியை நேசிப்பவர்கள், "மார்க்கை விடுங்கள், ஊர் அந்தப் பள்ளியை நம்புகிறதா என்று பாருங்கள்" என்கிறார்கள். தேர்ச்சியையும் நம்பிக்கையையும் தராசின் எதிரெதிர்த் தட்டுகளில் வைப்பதே தவறு என்பது என் கட்சி. ஏனென்றால் இரண்டையுமே நாம் இன்னும் சரியாக அளக்கத் தொடங்கவில்லை.

கீழ்பென்னாத்தூரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி, வட்டத் தலைநகர், 2011 தேர்தல் முதல் தன் பெயரிலேயே சட்டமன்றத் தொகுதியும் உண்டு. பேரூராட்சி என்பதால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இது நகரம். பிழைப்பு என்னவோ நெல், மல்லாட்டை, கரும்பு, கறவை மாடுதான். அது கைகொடுக்காத ஆண்டில் பெங்களூருக்கோ சென்னைக்கோ கட்டட வேலை. சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் இலவச பஸ் பாஸில் வந்து இறங்கும் சாலையிலேயே, அவர்களுக்கு முன்பாகத் தனியார் பள்ளி வேன்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறத்தாழ 74 விழுக்காடு, மாநிலத்துக்கு 80. 2024 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 90.47 விழுக்காட்டுடன் மாநிலத்தின் கடைசி மாவட்டம் திருவண்ணாமலை. இந்த "கடைசி" என்ற ஒரு சொல், மாவட்டத்திலிருந்து வட்டத்துக்கு, வட்டத்திலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து பின்வரிசைப் பையனுக்கு என்று படிப்படியாக இறங்கும். ஆய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அவர் திரும்பி வந்ததும் ஆசிரியர்கள் விளக்கம் சொல்ல வேண்டும்.

அந்த எண்ணை முதலில் ஒரு சிறிய பள்ளியில் வைத்துக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 40 பேர் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை இரண்டரை விழுக்காடு. இருவர் தவறினால் 95, நால்வர் தவறினால் 90. ஒருத்திக்குத் தேர்வு வாரத்தில் அம்மை போட்டிருக்கலாம். ஒருவன் கரும்பு வெட்டப் போன அப்பா அம்மாவோடு ஜனவரியிலேயே கிளம்பிப் போய் மார்ச்சில் திரும்பியிருக்கலாம். அங்கேயே ஐந்து விழுக்காடு போய்விட்டது. அதே ஆசிரியர்கள், அதே பாடம், அதே உழைப்பு, ஒவ்வொரு பிள்ளையும் தேறுவதற்கு நூற்றுக்கு 92 வாய்ப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட, 40 பேர் எழுதும் பள்ளியின் முடிவு வெறும் தற்செயலால் மட்டுமே சாதாரணமாக 88-க்கும் 96-க்கும் நடுவில் ஏறி இறங்கும். எப்போதாவது ஓர் ஆண்டு நூறும் வரும். 400 பேர் எழுதும் பள்ளியில் இந்த ஆட்டம் ஒன்றரை விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஆக, சென்ற ஆண்டு நூறு வாங்கி நாளிதழில் படம் வந்த பள்ளி இந்த ஆண்டு 90 வாங்கினால், அங்கே யாரும் சோம்பேறி ஆகிவிட்டதாகப் பொருள் இல்லை. நூறு வாங்கிய ஆண்டில் அதிசயம் நடந்ததாகவும் பொருள் இல்லை.

இது வெளிநாட்டில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். பள்ளித் தேர்வு மதிப்பெண்களை வைத்துப் பரிசும் தண்டனையும் கொடுக்கும் முறையை ஆராய்ந்த தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர்கள், சிறிய பள்ளிகளின் மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஆடுவதை 2002-ல் எடுத்துக்காட்டினார்கள். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007-ல் இன்னும் தெளிவாகச் சொன்னார்: தரவரிசையின் உச்சியில் சிறிய பள்ளிகள் அதிகம் இருக்கும், அடியிலும் சிறிய பள்ளிகளே அதிகம் இருக்கும். உச்சியை மட்டும் பார்த்தவர்கள், சின்னப் பள்ளிதான் நல்ல பள்ளி என்று கோடிக்கணக்கில் பணம் போட்டார்கள். அடியை மட்டும் பார்ப்பவர்கள் சின்னப் பள்ளியை மூடச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் பார்த்தது பெரும்பாலும் தற்செயலின் ஆட்டத்தை.

எண் ஆடுவதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது அதன் கீழே இருக்கும் எண், அதாவது எதால் வகுக்கிறோம் என்பது. 2023 மார்ச் 13 அன்று பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை. மாநிலமே அதிர்ந்தது. தாய்மொழித் தேர்வு, முதல் நாள், ஹால் டிக்கெட் அச்சாகிக் கிடக்கிறது, பிள்ளையைக் காணோம். விசாரித்தபோது ஒரு பெரும் பகுதியினர் அன்று காணாமல் போனவர்கள் அல்ல என்று தெரிந்தது. கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்பில் ஆல் பாஸ் ஆனவர்கள், பதினொன்றாம் வகுப்பில் தடுமாறி எப்போதோ நின்றுவிட்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டின் முடிவு மே மாதம் வந்தது: 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேர்ச்சி, 94.03 விழுக்காடு. முந்தைய ஆண்டின் 93.76-ஐவிட அதிகம் என்று மகிழ்ச்சியும் தெரிவிக்கப்பட்டது. எழுதப் பதிவு செய்திருந்த பள்ளி மாணவர்கள் சுமார் 8.51 லட்சம். அதனால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 89 வரும். வராத பிள்ளை விழுக்காட்டைக் கெடுக்கவில்லை. சொல்லப் போனால் காப்பாற்றினான். ஒரு பள்ளிக்கு மிகவும் தேவைப்பட்ட பிள்ளை வராமல் இருந்தால் அந்தப் பள்ளியின் மதிப்பு உயரும் என்றால், அந்த அளவுகோல் பிள்ளைகளுக்கு எதிராக வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு மேல் நடப்பதைப் பள்ளிக்கூட வட்டாரத்தில் எல்லோரும் அறிவார்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பையன் பத்தாவது தாங்க மாட்டான், டி.சி. வாங்கிக்குங்க, தனித்தேர்வரா எழுதட்டும்" என்று சொல்வது ஒரு வழி. பேச்சு மரியாதையாகத்தான் இருக்கும். வந்த அம்மா கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். இன்னொரு வழி, "மெல்ல மலர்வோர்" என்று பட்டியல் போட்டு, நான்கைந்து வினாக்களுக்கு மட்டும் விடையை மனப்பாடம் செய்ய வைத்து 35-ஐத் தொட வைப்பது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன் ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரியான விடையை எழுத்தின் உருவத்தைப் பார்த்தே குறிக்கப் பழகுகிறான். அவனுக்காக மாலை ஏழு மணிவரை பள்ளியில் உட்காரும் ஆசிரியரின் அக்கறை உண்மையானது. அவர் கையில் கொடுக்கப்பட்ட இலக்குதான் தவறானது. எந்த எண்ணைக் கொண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ அந்த எண்ணே கறைபட்டுப் போகும் என்று அமெரிக்கச் சமூக அறிவியல் அறிஞர் டொனால்ட் கேம்பெல் 1970-களில் எழுதியது இதைத்தான்.

தனியார் பள்ளிகள் இதைத் தொழிலாகவே செய்தன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதினார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது கைவிடப்பட்டது. மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை 2017-லேயே நிறுத்தினார்கள். அது நல்ல முடிவு. ஆனால் மாணவர்களுக்கு நின்ற ரேங்க், மாவட்டங்களுக்கும் பள்ளிகளுக்கும் நிற்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் தேர்ச்சியை நான் தூசாக நினைப்பதாகப் படிப்பவர் எண்ண வேண்டாம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் முதல் தலைமுறையாகப் பத்தாவது வரும் ஒரு பெண்ணுக்கு மதிப்பெண் சான்றிதழ் என்பது சொத்து. அவள் அம்மாவிடம் நிலப் பட்டா இருக்காது. இந்த ஒரு காகிதம் இருக்கும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020-லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021-லும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இந்தக் கதவுகள் எல்லாவற்றுக்கும் சாவி தேர்ச்சிதான். "மார்க் முக்கியமில்லை" என்று சொல்லும் வசதி, வேறு சாவி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு உண்டு. பின்தங்கிய ஊர்ப் பள்ளிக்கு அந்தத் தத்துவத்தைப் பரிந்துரைப்பது அநியாயம்.

இனி நம்பிக்கை.

நம் ஊர்களில் பள்ளியின் மேல் ஊர் கொண்ட பிரியத்துக்குப் பழைய வரலாறு உண்டு. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு அன்றைய செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில். தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊராரே பட்டியல் போட்டு, ஊராரே பொருளும் பணமும் நிலமும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மதிய உணவும் அரசு முழுதாக ஏற்கும் முன் ஊரார் கையால்தான் பல இடங்களில் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாகவே அண்மை ஆண்டுகளில் "கல்விச் சீர்" பரவியது: மேளதாளத்தோடு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, பீரோ, மின்விசிறி, நாற்காலி, குடம் எல்லாம் தலையில் சுமந்து ஊர்வலமாகப் பள்ளிக்கு வருவார்கள். தாய்மாமன் சீர் போல. பார்க்க மனம் நிறையும் காட்சி அது.

ஆனால் சீர் கொண்டுவருபவர் கணக்குக் கேட்பதில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குச் சீர் செய்தவர் அங்கே அதிகாரம் பேசக் கூடாது என்பது நம் பழக்கம். அந்தப் பழக்கம் பள்ளிக்கும் வந்துவிட்டது. ஊர் பள்ளியை நம்புகிறது என்று சொல்லும்போது பல நேரம் நாம் சொல்வது நன்றியை, அல்லது வேறு வழியில்லாததை. 2021-ல் லட்சக்கணக்கான பிள்ளைகள் தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். அதை நம்பிக்கை என்று கொண்டாடினோம். ஊரடங்கில் வருமானம் போன அப்பாவால் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்பதும் அதற்குள் இருந்தது. சேர்க்கை எண்ணிக்கையை நம்பிக்கையின் அளவாக வைப்பதும் தேர்ச்சி விழுக்காட்டைப் படிப்பின் அளவாக வைப்பதும் ஒரே வகைப் பிழை.

நம்பிக்கைக்குச் சட்டம் ஒரு வடிவம் கொடுத்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் இது காகிதத்தில் கிடந்தது. பெற்றோர் கையெழுத்து வீடு தேடி வந்து வாங்கப்படும். கூட்டம் நடந்ததாக எழுதப்படும். முன்னாள் துணைவேந்தர் வே. வசந்தி தேவி, 2025-ல் மறையும் வரை, இந்தக் குழுக்களுக்கு உயிர் கொடுக்கச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுவதும் பெற்றோர் கூட்டம் நடத்தப்பட்டு, அதன் பின் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. அப்போது 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோரே. கூட்டம் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பிற்பகல் என்று வைத்தார்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது பாதி நாள் சம்பளம். வந்தால் என்ன பேசப்படுகிறது? கழிப்பறைக் கதவு, குடிநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், மழைநீர் தேங்குவது. எல்லாமே வேண்டியவைதான். என் பிள்ளை எட்டாம் வகுப்பில் பாடப் புத்தகத்தை வாசிக்கிறாளா என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழுவது அரிது. எழுந்தாலும், "படிக்காத நமக்கு அதெல்லாம் என்ன தெரியும்" என்று கேட்டவரே உட்கார்ந்துவிடுவார்.

இதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு நேரான பாடம். அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் 280 கிராமங்களில் செய்தது. கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. குழு உறுப்பினர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பது தெரியவில்லை. கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரங்களை விளக்கிச் சொன்னார்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு படிக்கிறது என்று ஊராரே சோதித்து அறியவும் கற்றுக்கொடுத்தார்கள். பள்ளி மாறவில்லை. படிப்பும் மாறவில்லை. மூன்றாவதாக, ஊர் இளைஞர்களுக்கு வாசிப்புக் கற்பிக்கும் எளிய முறையைச் சொல்லிக்கொடுத்து மாலை வகுப்பு நடத்த விட்டார்கள். அங்கே போன பிள்ளைகள் வாசித்தார்கள். ஊருக்கு அக்கறை இருந்தது. அந்த அக்கறைக்குக் கூட்டம் போடத் தெரிந்தது. பள்ளிக்குள் நுழையத்தான் வழி இல்லை.

சிகாகோ நகரம் இதே கேள்வியில் வெகுதூரம் போயிருக்கிறது. 1988 சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் பெரும்பான்மையுள்ள மன்றம் கொடுத்தது; தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தோடு. நம் மேலாண்மைக் குழு அதைக் கனவிலும் நினைக்க முடியாது. அடுத்த பத்தாண்டில் அந்நகரப் பள்ளிகளை ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் 2002-ல் வெளியிட்ட நூலில் ஒரு முடிவு: ஆசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியது, நம்பிக்கை பலவீனமான பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். அவர்கள் நம்பிக்கை என்று சொன்னது பிரியத்தை அல்ல. ஒருவரை ஒருவர் மதிப்பது, தன் வேலையைத் திறமையாகச் செய்வது, பிள்ளையின் மேல் கரிசனம், சொன்னதைச் செய்வது. இவை நான்கும் அன்றாடம் கண்ணில் படுகிறதா என்பதே அவர்கள் கேட்டது.

அதே நகரம் இதற்கு நேர்மாறானதையும் செய்தது. தென்பகுதியில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் டயட் உயர்நிலைப்பள்ளியை, ரிசல்ட் மோசம் என்று காரணம் சொல்லி, படிப்படியாக மூட 2012-ல் நகரக் கல்வி வாரியம் வாக்களித்தது. புதிய மாணவர் சேர்க்கை நிறுத்தப்பட்டது. 2015-ல் கடைசி வகுப்பில் 13 பேர் மிஞ்சினார்கள். அந்த ஆகஸ்டில் ஊரார் 12 பேர் உண்ணாவிரதம் தொடங்கி 34 நாள் இருந்தார்கள். 2016-ல் பள்ளி கலைப் பள்ளியாக மறுபடி திறந்தது. எண் மோசமான பள்ளிக்காகப் பாட்டிகளும் பெற்றோரும் ஏன் பட்டினி கிடந்தார்கள் என்று அதிகாரிகளுக்குப் புரியவில்லை. அந்தப் பகுதியில் பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும் கடைசிப் பள்ளி அது. நம் மாநிலத்திலும் 2019-ல் பிள்ளைகளே இல்லாத 46 அரசுப் பள்ளிகள் தற்காலிக நூலகங்களாக மாற்றப்பட்டன. பிள்ளைகள் ஒரே நாளில் பூஜ்ஜியம் ஆகவில்லை. வேன் வந்தபோது, ஆசிரியர் இடம் நிரப்பாமல் விட்டபோது, ஒவ்வொரு வீடாகப் போனார்கள். அப்போது யாரும் அந்த ஊரைக் கேட்கவில்லை.

தேர்ச்சியும் நம்பிக்கையும் கைகோத்த இடத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், பெரும்பாலும் பெண்களான ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் நடத்தினார்கள். எல்லோரும் அதே தெருவைச் சேர்ந்த அக்காக்கள். அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து சோதித்தனர். கொரோனா இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது; அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். பிள்ளையை அனுப்பத் தாய் நம்பினாள், ஏனென்றால் கற்பிப்பவள் தெரிந்தவள். பிள்ளை கற்றது, ஏனென்றால் அவளிடம் முறையும் பாடப் பொருளும் இருந்தன. முறை இல்லாமல் அக்காவின் அன்பு மட்டும் போதியிருக்காது. அக்கா இல்லாமல் முறைக்குப் பிள்ளைகள் வந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் ஒரு சிறு ஊர்ப் பள்ளியை எப்படி மதிப்பிடலாம்? ஆறாம் வகுப்பில் சேர்ந்த 60 பேரில் ஐந்து ஆண்டு கழித்து எத்தனை பேர் இங்கேயே, அல்லது வேறு பள்ளியில், பத்தாவது தேறினார்கள் என்பதே என் முதல் கணக்கு. டி.சி. வாங்கியவன், கல்யாணம் ஆகிப் போனவள், வேலைக்குப் போனவன் எல்லோரும் கீழே உள்ள எண்ணில் இருக்க வேண்டும். ஓராண்டு எண்ணை வைத்து யாரையும் எழுப்பி நிறுத்தாமல் மூன்று ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிதாக எந்தத் தரவும் தேவையில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வித்துறையின் கணினிப் பதிவில் எமிஸ் எண் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைத் தொடரும் பிரச்சினை ஒன்றும் உண்டு: பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் அசர் ஆய்வின்படி, 2022-ல் தமிழகக் கிராமப்புறத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 4.8 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். அந்தச் சுமையோடு ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளையை உயர்நிலைப்பள்ளி எங்கிருந்து எங்கே கொண்டுபோனது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

நம்பிக்கைக்கு என் அளவு இன்னும் எளிது. தன் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்ற உண்மையை, திட்டாமல், டி.சி. பேச்சு எடுக்காமல், ஆசிரியர் ஒரு தாயிடம் சொல்ல முடிகிறதா? அதைக் கேட்ட தாய், "அப்ப நீங்க என்ன செய்யப் போறீங்க சார்?" என்று திருப்பிக் கேட்க முடிகிறதா? இரண்டும் நடக்கும் பள்ளியில் நம்பிக்கை இருக்கிறது.

கீழ்பென்னாத்தூரிலும் அதைப் போன்ற ஊர்களிலும் மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர் பேசி முடித்த பிறகு கால் மணி நேரம் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் பத்தாவது எழுதுகிறார்கள், நடுவில் போனவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். அதைக் கேட்கும் உரிமை சட்டப்படி உங்களுடையது.